கலங்காத ரத்தம்

மாட்டுக்கு ரத்தம் எடுப்பதில் பெரிய சிரமம் இல்லை. கழுத்தின் பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் சிரை புடைத்துக்கொண்டு நிற்கும். கை பழகிய கால்நடை மருத்துவர் ஒரே குத்தில் வேலையை முடித்துவிடுவார். ஆட்டுக்கும் அப்படித்தான். நாய்க்கு முன்னங்காலில் கொஞ்சம் மயிரை மழித்தால் போதும். பன்றியிடம் இதெல்லாம் நடக்காது. கழுத்து குட்டை, தோல் தடிப்பு, தோலுக்கடியில் கனத்த கொழுப்பு. காதின் மேல் ஓடும் மெல்லிய சிரைகளை விட்டால், வெளியே பார்த்துக் குத்துவதற்கு ஏற்ற ரத்தக்குழாய் அதன் உடம்பில் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம்.

அதனால் பண்ணைகளில் நெடுங்காலமாக ஒரு முறை வழக்கத்தில் இருக்கிறது. பன்றியின் மேல்தாடையில், கோரைப்பற்களுக்குப் பின்னால், ஒரு சுருக்கை மாட்டி இறுக்குவார்கள். சுருக்கு விழுந்தவுடன் பன்றி பின்பக்கமாக இழுக்கும். அது அதன் இயல்பு. இழுத்து நிற்கும் அந்த நேரத்தில், மார்பெலும்பின் நுனிக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் நீளமான ஊசியை இறக்கி, கண்ணுக்குத் தெரியாத சிரையைக் கைக்கணக்கில் தேட வேண்டும். வலப்பக்கமாகக் குத்துவதே நல்லது என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. இதயத்துக்கும் உதரவிதானத்துக்கும் போகும் நரம்புத் தொடர்பு இடப்பக்கத்தில் அதிகம், ஊசி தவறினால் ஆபத்து. இவ்வளவும் நடக்கும்போது பன்றி போடும் அலறல் 100 டெசிபலைத் தாண்டும். பக்கத்துக் கொட்டிலில் நிற்பவையும் சேர்ந்து மிரளும்.

ரத்தம் கிடைத்துவிடும். ஆனால் அது பயந்துபோன பன்றியின் ரத்தம்.

பயந்த நொடியிலேயே அட்ரினலின் ஏறுகிறது. கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. தசைகள் திமிறுவதால் லாக்டேட் கூடுகிறது. சில நிமிடங்களில் கார்ட்டிசால் ஏறத் தொடங்கி, ஏறக்குறைய அரை மணி நேரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. பன்றிக் காய்ச்சலுக்கு எதிரான நோயெதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இந்த ரத்தம் தாராளமாகப் போதும். அச்சத்தால் அந்த விடை மாறாது. சர்க்கரையும் இன்சுலினும் கார்ட்டிசாலும் அளக்க வேண்டியவருக்கு இது பயன்படாது. அவர் அளப்பது பன்றியின் இயல்பான உடலியக்கத்தை அல்ல. தன் கையில் இருந்த சுருக்கு அந்த உடம்பில் ஏற்படுத்திய கலக்கத்தைத்தான்.

இன்றைய உரையின் பொருள் இந்தச் சிக்கலுக்கு விஞ்ஞானிகள் கண்ட வழி: அறுவை சிகிச்சை மூலம் பன்றியின் கழுத்துச் சிரையில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, பிறகு நாள்கணக்கில், வாரக்கணக்கில், ஊசியே இல்லாமல் ரத்தம் எடுப்பது. மருத்துவமனையில் கையில் ‘வென்ஃப்ளான்’ போட்டுப் படுத்தவர்களுக்கு இதன் அடிப்படை உடனே புரியும். வித்தியாசம் என்னவென்றால், இந்த நோயாளி கையை அசைக்காமல் வைத்திருக்காது. சுவரில் உரசும், சேற்றில் புரளும், கூட்டாளியின் கழுத்தில் தொங்குவது எதுவானாலும் கடித்துப் பார்க்கும்.

பன்றியை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. மனிதனைப் போலவே அதுவும் செடியும் இறைச்சியும் உண்ணும். அதன் இதயமும் தோலும் செரிமான மண்டலமும் நம்முடையவற்றுக்கு மிக நெருக்கம். பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் இடையே ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வேறுபாடு. 1982இல் மரபணுப் பொறியியலால் செய்த மனித இன்சுலின் சந்தைக்கு வரும்வரை, உலகெங்கும் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்டது மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினையே. ஆய்வுக்கென்றே வளர்க்கும் சிற்றினங்களும் உண்டு. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1960களில், மின்னசோட்டா குட்டைப் பன்றி, வியட்நாம் தொப்பைப் பன்றி, ஜெர்மன் லேண்ட்ரேஸ் மூன்றையும் கலந்து உருவாக்கிய கோட்டிங்கன் சிறுபன்றி இன்று மருந்தாய்வில் பரவலாகப் பயன்படுகிறது.

ஒரு முறை எடுத்தால் போதாதா, ஏன் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும்? இதற்குத்தான் விளக்கம் வேண்டும்.

ஹார்மோன்கள் ரத்தத்தில் ஒரே சீராக ஓடுவதில்லை. வளர்ச்சி ஹார்மோன் திடீரென்று ஒரு வீச்சாக வெளிப்படும், சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும், பிறகு இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைந்துவிடும். சினைமுட்டையை முதிரச் செய்யும் எல்.எச். ஹார்மோனும் அப்படியே. தாய்ப்பன்றி குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் நாள்களில் எல்.எச். துடிப்புகள் அடங்கிக் கிடக்கின்றன. குட்டிகளைப் பிரித்தவுடன் அவை அடுக்கடுக்காக எழுகின்றன. பெரும்பாலும் 4 முதல் 7 நாள்களுக்குள் தாய் மறுபடி பருவத்துக்கு வருகிறது. பண்ணைக்காரரின் வருமானமே இந்தச் சில நாள்களில் அடங்கியிருக்கிறது. அந்தத் துடிப்புகளைப் பார்க்க வேண்டுமானால் 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒரு மாதிரி எடுத்தாக வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்குத் தெருக்குழாயைத் திறந்து பார்த்துவிட்டு இந்தத் தெருவுக்குத் தண்ணீரே வருவதில்லை என்று எழுதினால் எப்படியோ, அப்படித்தான் ஒற்றை மாதிரியை வைத்து ஹார்மோன் அளவைச் சொல்வதும்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. பன்றியின் உடலில் ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 65 மில்லி ரத்தம் இருக்கிறது. 30 கிலோ பன்றி என்றால் மொத்தம் 2 லிட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு தடவையில் அதில் 10 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட வரம்பு. அதாவது 195 மில்லி. கால் மணிக்கு ஒரு முறை 2 மில்லி வீதம் ஒரு நாள் முழுக்க எடுத்தால் 96 மாதிரிகள், 192 மில்லி. வரம்பின் விளிம்பு வரை வந்துவிடுகிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் 10 மில்லி தேவைப்பட்டிருந்தால் இந்த ஆய்வையே நினைத்துப் பார்த்திருக்க முடியாது. துளியளவு ரத்தத்தில் ஹார்மோனை அளக்கும் கதிரியக்க முறையை நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1960ஐ ஒட்டி உருவாக்கியதால்தான் அது சாத்தியமாயிற்று. யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அளக்கும் கருவி தயாரானவுடன், கலங்காத ரத்தத்தை எடுக்கும் வழியும் தேவைப்பட்டது.

வழி புதிதல்ல. இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதில் கண்ணாடிக் குழாயை இணைத்து, ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறியதை 1733இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். உயிருள்ள உடலின் ரத்த அழுத்தத்தை அளந்த முதல் முயற்சி அது. குதிரையைக் கட்டிப்போட்டுத்தான் அளந்தார். மயக்க மருந்து வர இன்னும் நூறாண்டுக்கு மேல் இருந்தது. பாரிசில் கிளாட் பெர்னார் 1844இல் குதிரையின் கழுத்துச் சிரை வழியாக இதயத்தின் அறை வரை குழாயைச் செலுத்தினார்.

அதே பெர்னார் பங்கெடுத்த ஒரு சர்ச்சை இந்த உரைக்கு நெருக்கமானது. கல்லீரல் தானே சர்க்கரையை உண்டாக்கி ரத்தத்தில் விடுகிறது என்று அவர் சொன்னார். இறைச்சி மட்டுமே தின்ற நாயிடம்கூட, கல்லீரலிலிருந்து வெளியேறும் ரத்தத்தில் சர்க்கரை இருந்தது அவர் கண்ட சான்று. லண்டனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் பேவி இதை மறுத்தார். பெர்னாரிடம் பயின்றவர்தான் அவர். உயிருள்ள, அமைதியாக இருக்கிற நாயின் கழுத்துச் சிரை வழியே குழாயைச் செலுத்தி, இதயத்தின் வலப்பக்க ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். சர்க்கரை மிகச் சொற்பமாகவே இருந்தது. ஆகவே பெர்னார் கண்ட சர்க்கரை விலங்கு இறந்த பிறகு உண்டானது, உயிரோடிருக்கும்போது அப்படி நடப்பதில்லை என்று வாதிட்டார்.

முடிவில் பெர்னார் சொன்னதே நின்றது. கல்லீரலில் கிளைகோஜன் சேமிக்கப்படுவதையும் அது சர்க்கரையாக மாறுவதையும் அவர் நிறுவினார். ஆனால் பேவியைத் தோற்றவர் என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. விலங்கு எந்த நிலையில் இருந்தபோது ரத்தம் எடுத்தீர்கள் என்ற அவருடைய கேள்வி அப்படியே நிற்கிறது. திமிறுகிற விலங்கின் சர்க்கரை வேறு, அமைதியாக நிற்கிற விலங்கின் சர்க்கரை வேறு. அவர் கேட்டது 1850களில். இன்றும் ஒவ்வோர் ஆய்வகமும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

அதற்கு முறையான பதில் தந்தவர் ரஷ்யாவின் இவான் பாவ்லோவ். மணியடித்து நாயின் வாயில் உமிழ்நீர் வரவழைத்தவராகத்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காக. மேசையில் கட்டிப்போட்டு, அறுத்த கையோடு அளக்கும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. மனிதர்களுக்கான அறுவை அரங்கைப் போலவே சுத்தமான அரங்கை நாய்களுக்குக் கட்டினார். மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்து, காயம் ஆறி, நாய் பழையபடி உண்டு விளையாடத் தொடங்கிய பிறகே அளவெடுத்தார். பன்றியின் கழுத்தில் இன்று பொருத்தும் குழாய் அந்த வழியில் வந்தது.

குழாய்க்கான பொருள் கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. உலோகமும் கண்ணாடியும் ரத்தத்தை உறையச் செய்தன. ரப்பர் சீழ் பிடிக்க வைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாலித்தீனும் பி.வி.சி.யும் டெஃப்லானும் சிலிக்கோனும் வந்தன. 1960இல் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் கையில் டெஃப்லான் குழாயை நிரந்தரமாகப் பொருத்தி டயாலிசிஸ் செய்து காட்டியபோது, ரத்தக்குழாயில் அந்நியப் பொருளை மாதக்கணக்கில் வைத்திருக்க முடியும் என்பது உறுதியானது. விலங்காய்வகங்களும் இதே பொருள்களை எடுத்துக்கொண்டன. பி.வி.சி. மலிவு, உள்ளே செலுத்த எளிது. ஆனால் உடம்புக்குள் கிடக்கக் கிடக்க அதிலுள்ள மென்மையூட்டி கரைந்து குழாய் விறைத்துப்போகும். சிலிக்கோன் மெத்தென்று இருக்கும், சிரையின் சுவரைப் புண்ணாக்காது. செருகத்தான் பொறுமை வேண்டும். வாரக்கணக்கில் குழாய் இருக்க வேண்டுமானால் சிலிக்கோனோ பாலியூரித்தேனோ வைப்பதே சரி. காசை மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

இனி அறுவை அரங்கு. முதல் நாள் இரவு தீவனம் நிறுத்தப்படும்; தண்ணீர் உண்டு. காலையில் கொட்டிலிலேயே, காதுக்குப் பின்னால் தசையில் ஊசி: பெரும்பாலும் கெட்டமைனும் அஸாபெரோனும் சேர்ந்தது. பன்றி தள்ளாடிச் சாய்ந்து படுத்த பிறகே அரங்குக்குத் தூக்கி வருவார்கள். மூச்சுக்குழாயில் டியூப் இறக்குவது மயக்க மருந்து கொடுப்பவரின் முதல் சோதனை. பன்றியின் குரல்வளை நேராக இருக்காது. வளைவில் டியூபின் நுனி மாட்டிக்கொள்ளும், சற்று வேகம் காட்டினால் குரல்வளை இறுகி மூடிக்கொள்ளும். லிக்னோகெயின் தெளித்து, மெல்லத் திருப்பி இறக்க வேண்டும். பிறகு ஐசோஃப்ளுரேன் வாயு.

இங்கே சில பன்றிகளுக்கென்றே ஓர் ஆபத்து காத்திருக்கும். ஒருவகை மரபணு மாற்றம் உள்ள பன்றிக்கு இந்த மயக்க வாயு பட்டவுடன் தசைகள் கட்டைபோல் விறைத்து, உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி, சில நிமிடங்களில் உயிர் போகும். இறைச்சிக்காகத் தசை பெருக்கி வளர்த்த பியெட்ரெய்ன் போன்ற இனங்களில் இது அதிகம் காணப்பட்டது. டொராண்டோவில் டேவிட் மக்லெனன் குழுவினர் 1991இல் அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். தசைக்குள் கால்சியத்தை விடுவிக்கும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. மனிதர்களிலும் சில குடும்பங்களுக்கு இதே கோளாறு உண்டு. பன்றியில் கிடைத்த தடயம் மனித அறுவை அரங்குகளுக்கும் உதவியது. இன்று ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே அறிந்து அத்தகைய பன்றிகளைத் தவிர்த்துவிடலாம். டான்ட்ரோலின் என்ற மாற்றுமருந்தும் இருக்கிறது.

பன்றியை மல்லாக்கப் படுக்கவைத்து, முன்னங்கால்களைப் பின்னோக்கிக் கட்டி, கழுத்தை நீட்டிவைப்பார்கள். கழுத்துப் பள்ளத்தை ஒட்டிச் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கீறல். தோலுக்கடியில் மெல்லிய தசைத்தாள், அதன் கீழ் கொழுப்பு. இதற்கு மேல் கத்திக்கு வேலை இல்லை; மழுங்கிய நுனிக் கத்தரியை மூடியபடி நுழைத்து, திறந்து, திசுக்களை விலக்கிக்கொண்டே போக வேண்டும். ஆழத்தில் நீலம் பாய்ந்த வெளிக் கழுத்துச் சிரை தென்படும். தொட்டவுடன் அது சுருங்கிப் பாதியாகிவிடும். லிக்னோகெயினைச் சில சொட்டு விட்டுக் காத்திருந்தால் மறுபடி விரியும். அந்த ஒரு நிமிடம் காத்திருக்கத் தெரியாதவர் சிரையைக் கிழித்துவிடுவார்.

சிரையின் அடியில் இரண்டு பட்டு நூல்களைச் செலுத்துகிறார்கள், ஒன்று தலைப்பக்கம், ஒன்று இதயப்பக்கம். தலைப்பக்க நூலை முடிச்சிட்டு ரத்தவரத்தை நிறுத்தி, இதயப்பக்க நூலைத் தூக்கிப் பிடித்து, நடுவில் நுண்கத்தரியால் ஒரு சிறு வெட்டு. சலைன் நிரப்பிய குழாய் அதற்குள் போகிறது. குழாயில் காற்று இருக்கவே கூடாது. இதயத்தை நோக்கிய சிரைக்குள் காற்று உறிஞ்சப்பட்டால் அங்கேயே பன்றி இறந்துவிடலாம். நுனி மேற்பெருஞ்சிரை வலது ஏட்ரியத்தைச் சேரும் இடத்துக்கு அருகில் நிற்க வேண்டும். அங்கே ரத்த ஓட்டம் வேகம், உறைகட்டி சேராது. சிரிஞ்சால் இழுத்து, ரத்தம் தடையில்லாமல் வருகிறதா என்று பார்த்த பிறகே முடிச்சு. முடிச்சு இளகினால் குழாய் நழுவும். இறுகினால் குழாய் நசுங்கும். ஒரு பக்கச் சிரை அடைபட்டாலும் மறுபக்கச் சிரையும் மற்றக் கிளைகளும் ஈடுகட்டிக்கொள்கின்றன.

அடுத்தது குழாயின் மறுமுனை. நீண்ட எஃகுத் துளைகம்பியைத் தோலுக்கடியில் செலுத்தி, கழுத்தைச் சுற்றி மேல்புறமாக, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே வெளியே எடுக்கிறார்கள். பின்னங்காலால் சொறிந்தாலும் எட்டாத இடம் அது. கழுத்துக்குள் ஒரு சுற்று தளர்வாக விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பன்றி தலையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் குழாய் இழுபடும். வெளிமுனையை மூடி, முதுகில் ஒட்டிய துணிப்பைக்குள் சுருட்டி வைத்தால் அறுவை முடிந்தது.

கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ரத்தம் உறையாதிருக்கக் குழாயில் ஹெபாரின் கலந்த சலைன் நிரப்பி வைக்கிறார்கள். ஹெபாரினை 1916இல் ஜான்ஸ் ஹாப்கின்சில் மாணவராக இருந்த ஜே மக்லீன் தற்செயலாகக் கண்டறிந்தார். இன்று உலகம் பயன்படுத்தும் ஹெபாரினில் பெரும்பகுதி பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்தே எடுக்கப்படுகிறது. அந்த ஹெபாரினே சில ஆய்வுகளைக் கெடுத்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் கொழுப்புடைக்கும் நொதியை அது விடுவித்துவிடும். குழாயில் எடுத்துவைத்த ரத்தத்திலும் கொழுப்பு உடைந்துகொண்டே இருக்கும். கொழுப்பமிலங்களின் அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். கொழுப்பு வளர்சிதையை ஆராய்கிறவர் ஹெபாரினைத் தவிர்த்து வெறும் சலைனையோ சிட்ரேட்டையோ நாட வேண்டும்.

தினமும் கையுறை அணிந்து, மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, குழாயைக் கழுவ வேண்டும். ஒரு நாள் தவறினால் அடைப்பு. துடைக்க மறந்தால் கிருமி நேரே இதயத்துக்கு. ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும் பன்றி திடீரென்று தீவனத்தை ஒதுக்கி, காய்ச்சலில் படுத்தால் குழாயைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பன்றிகள் கூட்டமாக வாழ்பவை. தனியே அடைத்தால் அதுவே ஓயாத மன உளைச்சல். சேர்த்து விட்டால் கூட்டாளி துணிப்பையைக் கிழிக்கும். பல ஆய்வகங்கள் இதற்குக் கண்ட சமரசம், கம்பி இடைவெளி விட்ட அடுத்தடுத்த கொட்டில்கள்: பார்க்கலாம், மோப்பம் பிடிக்கலாம், மூக்கோடு மூக்கு உரசலாம், குழாயைக் கடிக்க முடியாது.

இதையெல்லாம்விட முக்கியமானது, பன்றியை மனிதக் கைக்குப் பழக்குவது. அறுவைக்குச் சில வாரம் முன்பே ஒருவர் தினமும் கொட்டிலுக்குள் போய்ச் சும்மா உட்கார வேண்டும். முதலில் பன்றி மூலையில் ஒதுங்கும். பிறகு வந்து அவருடைய செருப்பை முகரும். பிறகு கையிலிருந்து ஆப்பிள் துண்டை வாங்கித் தின்னும். பிறகு வயிற்றைச் சொறியச் சொல்லிப் படுத்துவிடும். பன்றி விரைவில் கற்றுக்கொள்ளும் விலங்கு. இப்படிப் பழகிய பன்றி, முதுகுப் பையைத் திறக்கும்போது தலையைத் தொட்டிக்குள் விட்டுத் தின்றுகொண்டிருக்கும்.

மாதிரி எடுக்கும் இரவில், துணிப்பையிலிருந்து நீட்டிப்புக் குழாய் ஒன்று கொட்டிலுக்கு வெளியே வரும். மங்கலான வெளிச்சத்தில் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஐஸ் பெட்டி, வரிசையாக எண்ணிட்ட குழாய்கள்: ஹார்மோனுக்கு ஊதா மூடி, சர்க்கரைக்குச் சாம்பல் மூடி. நேரம் வந்ததும் கிளாம்பைத் திறந்து, முதலில் குழாயில் கிடக்கும் சலைனை ஒரு சிரிஞ்சில் இழுத்து ஒதுக்கி வைக்கிறார். சுத்தமான ரத்தம் வந்தவுடன் வேறு சிரிஞ்சில் 2 மில்லி. பிறகு சலைன் செலுத்தி மூடுகிறார். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. உள்ளே பன்றி வைக்கோலில் பக்கவாட்டில் படுத்து, காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருக்கிறது. இப்படித் தூங்கும் பன்றியிடம் எடுத்த வரிசையில்தான், கார்ட்டிசால் காலையில் உயர்ந்து மாலையில் தாழும் இயல்பான ஏற்ற இறக்கம் கண்ணுக்குப் புலப்படுகிறது. சுருக்குப் போட்டு எடுத்தால் அது அழிந்துபோகும்.

கலங்காத ரத்தம் எதையெல்லாம் காட்டிக்கொடுத்தது? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வெரிபீ ஆய்வு நிலையத்தில், பால் ஹெம்ஸ்வொர்த்தும் ஜான் பார்னெட்டும் சகாக்களும் 1980களில் செய்த ஆய்வுகளை முதலில் சொல்ல வேண்டும். சில இளம் பன்றிகளிடம் மனிதர்கள் பரிவாக நடந்துகொண்டார்கள். அருகில் வந்தால் தட்டிக்கொடுத்தார்கள். வேறு சிலவற்றிடம் கடுமை காட்டினார்கள். அருகில் வந்தால் அடி. வாரத்தில் சில நிமிடங்கள்தான் இந்த வேறுபாடு. கடுமைக்கு ஆளானவை மனிதரைக் கண்டால் ஒதுங்கின என்பதில் வியப்பில்லை. மனிதர் யாரும் இல்லாத வேளையிலும் அவற்றின் ரத்தத்தில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் உயர்ந்தே இருந்தன, வளர்ச்சி குறைந்தது, சினை பிடிப்பதும் குறைந்தது. பண்ணை ஆளின் ஓர் அடி பன்றியின் உடம்பில் அவர் வீட்டுக்குப் போன பிறகும் தங்கியிருக்கிறது. இதை வேறு எப்படி நிரூபித்திருக்க முடியும்? ஊசியோடு ஓடித் துரத்தி எடுத்த ரத்தத்தில் இரு கூட்டமும் ஒன்றுபோலவே மிரண்டிருக்கும்.

சங்கிலியில் கட்டி வைத்த தாய்ப்பன்றிகளின் நீடித்த உளைச்சலை அளக்கவும் இதே குழாய் பயன்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் பெண் பன்றிகளைச் சங்கிலியில் கட்டுவதை முற்றாகத் தடை செய்தது. அந்தத் தடைக்குப் பின்னால் மக்களின் குரலும் பண்ணைக் கண்காணிப்பும் இருந்தன. ஆய்வகத்தில் திரண்ட அளவுகளும் அந்த வாதத்தில் ஒரு பக்கம்.

உணவாய்வில் குழாய் இன்னும் ஆழமாகப் போகிறது. குடலிலிருந்து சத்துகளைத் திரட்டிக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரையில் ஒரு குழாய், ஒரு தமனியில் இன்னொரு குழாய், போர்ட்டல் சிரையைச் சுற்றி ரத்த ஓட்டத்தை அளக்கும் வளையம். உள்ளே போன ரத்தத்துக்கும் வெளியே வந்த ரத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஓட்டத்தின் அளவால் பெருக்கினால், தின்ற உணவிலிருந்து மணிக்கு எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு அமினோ அமிலம் உடம்புக்குள் சேர்ந்தது என்பது கிடைத்துவிடும். பிரான்சில் அலன் ரேரா குழுவினர் இந்த முறையை வளர்த்தெடுத்தார்கள். டென்மார்க்கின் ஃபூலும் ஆய்வு மையத்தில் க்னுட் எரிக் பாக் க்னுட்சென் குழுவினர் பன்றிகளுக்கு வெள்ளைக் கோதுமை ரொட்டியும் நார்ச்சத்து மிகுந்த ரை ரொட்டியும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ரை தின்றபோது கணையம் சுரக்க வேண்டிய இன்சுலின் குறைந்தது. பெருங்குடலில் நார் நொதித்து உண்டாகும் பியூட்டிரேட் கூடுதலாக ரத்தத்தில் சேர்ந்தது. மனிதனின் போர்ட்டல் சிரையில் குழாய் வைத்து இதைச் செய்ய எந்த மருத்துவரும் ஒப்ப மாட்டார். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட நம் ஊரிலும் முழுத்தானியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்தப் பேச்சின் ஒரு வேர் டென்மார்க் கொட்டில் ஒன்றில் நின்ற பன்றிகளிடம் இருப்பதை அறிந்திருப்பது நல்லது.

இவ்வளவு சொன்ன பிறகு, செலவையும் சொல்லியாக வேண்டும். உடல்நலத்தோடு இருந்த விலங்கை மயக்கி, அறுத்து, குழாய் வைக்கிறோம். அது கேட்டு நடந்ததல்ல. வலிநிவாரணி கொடுத்தாலும் முதல் ஓரிரு நாள் வலி இருக்கும். ஆய்வு முடிந்ததும் பெரும்பாலான பன்றிகள் வலியில்லாமல் கொல்லப்படுகின்றன. இதை மூடி மறைக்கக் கூடாது. 1959இல் வில்லியம் ரசலும் ரெக்ஸ் பர்ச்சும் வகுத்த நெறிகள் மூன்று: விலங்கு இல்லாமல் முடியுமானால் அப்படிச் செய், எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. குழாய் பொருத்திய பன்றி பின்னிரண்டுக்கும் உதவுகிறது. ஒரே பன்றி இந்த வாரம் ஓர் உணவும் அடுத்த வாரம் இன்னோர் உணவும் தின்று தனக்குத் தானே ஒப்பீடாக நிற்பதால், பல பன்றிகள் தேவைப்படும் இடத்தில் சில போதும். நூறு முறை சுருக்குப் போடுவதற்குப் பதில் ஒரே ஓர் அறுவை. முதல் நெறியை இது தீர்க்கவில்லை. அந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆய்வுக்கு முன்பும் புதிதாகக் கேட்டாக வேண்டும். இந்தியாவில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இன் கீழ் அதைக் கேட்பதற்கென்றே நிறுவனந்தோறும் நெறிமுறைக் குழு இருக்கிறது.

இதில் ஒரு குறை இன்னும் நீடிக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் சிரையின் பெயர், குழாயின் விட்டம், ஹெபாரினின் செறிவு எல்லாம் இருக்கும். பன்றியை எத்தனை நாள் பழக்கினார்கள், அறுவைக்கும் முதல் மாதிரிக்கும் இடையே எத்தனை நாள் விட்டார்கள், எத்தனை குழாய்கள் பாதியில் அடைத்தன, அடைத்த பன்றிகளின் அளவுகள் கணக்கில் சேர்ந்தனவா என்பதைப் பல கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன, அல்லது சொல்வதேயில்லை. விலங்காய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்பதற்காக 2010இல் பிரிட்டனில் தொடங்கி 2020இல் திருத்திய ‘அரைவ்’ வழிகாட்டிகள் விலங்குகளின் வளர்ப்பையும் பராமரிப்பையும், கணக்கிலிருந்து விலக்கியவற்றையும் விவரமாகக் கேட்கின்றன. பத்திரிகை ஆசிரியர்கள் அதை வற்புறுத்த வேண்டும். தினமும் கொட்டிலுக்குள் போய் உட்கார்ந்து, ஆப்பிள் துண்டைக் கையில் வைத்துக் காத்திருந்த பணியாளர் செய்த வேலை, கட்டுரையின் கடைசி வரியில் வரும் நன்றியோடு முடிந்துவிடக் கூடாது. முறைகள் என்ற பகுதியில், மயக்க மருந்துக்கும் குழாயின் விட்டத்துக்கும் பக்கத்திலேயே, எத்தனை நாள் எப்படிப் பழக்கினார் என்ற விவரத்தோடு அது அச்சாக வேண்டும்.